காப்புறுதி செய்த பூனை நீயல்ல, மகனே

அன்பு மகன் நாடாவுக்கு,

நலம் என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நலமறிய ஆவல் என்பதை மட்டும் எடுத்துக்கொள். நீ கதவுக்கு அந்தப் பக்கம் கம்பிக் கூட்டுக்குள் படுத்திருக்கிறாய். நான் இந்தப் பக்கம் மிருக டொக்டருடைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நமக்கு நடுவில் இருப்பது ஒரேயொரு பலகைக் கதவு. இவ்வளவு கிட்ட இருக்கிற பூனைக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். உள்ளே வந்தால் டொக்டர் என்னிடம் ஒரு பதில் கேட்பார். அந்தப் பதில் என்னிடம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறவளை இடையில் குழப்புவது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் இப்போது ஒளிந்திருக்கிறேன்.

நம்முடைய மருதமுனையில் உம்மாமாரும் வாப்பாமாரும் மகனுக்குக் கடிதம் எழுதுவது அவன் கட்டாருக்குப் போகும்போது, அல்லது கலியாணம் முடித்துப் போகும்போது. எனக்கு வயது பதினேழு. உனக்கு நான்கு. பூனைக் கணக்கில் பார்த்தால் நீ முப்பது தாண்டிய ஆம்பிள்ளை, முன்வழுக்கை விழுகிற வயது. தன்னைவிட மூத்த மகனுக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்த உம்மா உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால் இது சரியாக வராவிட்டால் பொறுத்துக்கொள். முன்மாதிரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

உன்னைப் பெற்றவள் நானில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு வெள்ளைப் பூனை எங்கள் வீட்டுப் பின் கொட்டிலில், உம்மாவின் தறிக்குப் பக்கத்தில், சாயம் போட்டுக் காயவைத்த நூல் கூடைக்குள் உன்னையும் உன் தம்பியையும் ஈன்றுவிட்டு, பத்தாம் நாள் ஒரு வேன் சில்லில் அடிபட்டு மௌத்தாகிப் போனது. தம்பியைப் பக்கத்து வீட்டு பரீனா ராத்தா எடுத்து பஞ்சு என்று பெயர் வைத்தார். உன்னை நான் எடுத்தேன். தறியில் இடமும் வலமுமாக ஓடுகிற நாடாவுக்குப் பின்னால் நீயும் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாய், அதனால் நாடா. கூப்பிட்டால் எவரையும் நாடாதவன் என்ற பொருளும் பிற்பாடு பொருந்தி வந்தது. சொட்டு மருந்துக் குப்பியின் ரப்பரால் நான் உனக்குப் பால் பருக்குவதைப் பார்த்து உம்மா தலையில் கை வைத்தார்.

"கொமருப் புள்ள பூனைக்கு உம்மாவாம். நாளைக்குப் பொண் பார்க்க வாற ஆக்கள் கேட்டா என்னகா சொல்லுற?"

"பொண் எடுத்தா பேரன் சும்மா எண்டு சொல்லுங்க உம்மா."

விளக்குமாறு பறந்து வந்தது. நீ அதன் பின்னாலும் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பினாய்.

நம்முடைய வழக்கம் உனக்குத் தெரியும். பெண் பிள்ளை பிறந்த வீட்டிலேயே இருப்பாள். ஆண் பிள்ளைதான் மாப்பிள்ளையாகி, மனைவி வீட்டில் போய் இருப்பான். நீயும் ஊர் வழக்கம் தவறாமல் மூன்றாம் வீட்டுக் கறுப்பியிடம் மாப்பிள்ளையாகப் போனாய். அங்கே ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்ததை விசாரிக்காமல் போனாய். மாப்பிள்ளை கொடுக்கிற மஹராக வலது காதில் பாதியைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். நான் சிரித்தேன், படம் எடுத்தேன், சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு கிழமையில் அந்தக் காதுக்குள் புழு வைத்தது. கல்முனையில் மாடும் ஆடும் பார்க்கிற இந்த டொக்டரிடம்தான் அப்போதும் உன்னைத் தூக்கி வந்தோம். திருக்கோவில்காரர், அதிகம் கதைக்கமாட்டார். ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா உள்ளுக்க இறங்கியிருக்கும் பிள்ளை" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக, நீ சாகக்கூடியவன் என்பது எனக்கு உறைத்தது. அது வரைக்கும் நீ விளையாட்டுச் சாமான் மாதிரி, எங்கே எறிந்தாலும் திரும்பி வருகிறவன் என்று நினைத்திருந்தேன்.

பயந்த பிள்ளைக்குப் போன் என்ன காட்டும்? பயத்துக்கு மருந்துதான் காட்டும். கொழும்பில் ஒரு கம்பனி, செல்லப் பிராணிகளுக்கு மருத்துவக் காப்புறுதி. பொன்நிற நாய் ஒன்று குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தது. வாப்பாவிடம் கேட்கலாம் என்றால், வாப்பாவுக்கும் காப்புறுதிக்கும் ஆகாது. சாரன் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று வியாபாரத்துக்குப் போகிற அவருடைய வேனுக்கு மட்டும் போட்டிருக்கிறார். அது பொலிஸுக்குப் பயந்து போட்ட பொலிஸி. தனக்குப் போடச் சொல்லி எவராவது வந்தால், "உசிர் குடுத்தவன் எனக்குத் தவணை அனுப்பல்ல தம்பி" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். தன் உயிருக்கே போடாதவர் உன் உயிருக்கா போடுவார்? ஆகவே நானே போட்டேன், மகனே. வாப்பாவின் பெயரில், வாப்பாவுக்குத் தெரியாமல்.

விண்ணப்பத்தில் உரிமையாளருக்குப் பதினெட்டு வயது வேண்டும் என்றிருந்தது. வாப்பாவின் அடையாள அட்டையைப் படம் பிடித்துப் போட்டேன். இனம் என்ற இடத்தில் சோனகர் என்று எழுத விரல் போய்விட்டது; நம் நாட்டில் எந்தப் பத்திரத்திலும் அப்படித்தானே எழுதிப் பழக்கம். அழித்துவிட்டு உள்ளூர்ப் பூனை என்று எழுதினேன். முன்பு ஏதும் காயமோ நோயோ உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை. தொழில் நடக்கிற இடத்தில் வளர்கிறதா என்று கேட்டிருந்தது. இல்லை. கடைசியாக, விலங்கின் முகம் தெளிவாகத் தெரியும் புதிய படம் ஒன்று வேண்டும் என்றது. உன் முகத்தைப் பார்த்தேன். பாதிக் காதோடு நீ சண்டியன் மாதிரி இருந்தாய். இவனைப் பார்த்தால் கம்பனிக்காரன் ஓடிவிடுவான் என்று பட்டது. மதிலால் எட்டிப் பார்த்தேன். பஞ்சு வெயிலில் கிடந்தான். அதே வெள்ளை, அதே செம்மஞ்சள் வால், இரண்டு காதும் முழுசாக. ஒரு படம் எடுத்தேன். பெருநாள் காசில் கட்டினேன். இரண்டு நாளில் பத்திரம் போனுக்கு வந்தது. காப்புறுதி செய்யப்பட்டவர்: நாடா. நான் கொட்டிலுக்குள் துள்ளினேன். உம்மா, "என்ன, பரீட்சை முடிவு வந்திட்டா?" என்றார்.

நான் செய்த குறும்புகளில் எனக்கே பிடித்தது இதுதான். சாச்சியிடம் வாப்பாவின் குரலில் போன் கதைத்து ஒரு தட்டு வட்டிலாப்பம் வரவழைத்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அன்றிலிருந்து நீ கூரையில் ஏறினாலும் பதறவில்லை, தெருவில் படுத்தாலும் ஓடி வரவில்லை. தறிக்குக் கீழே நூல் துண்டுகளோடு நீ விளையாடும்போது கொட்டிலைக் கூட்டச் சொல்லி உம்மா கத்துவார். முன்பெல்லாம் கூட்டினேன். பத்திரம் வந்த பிறகு, மறுகா கூட்டலாம், மறுகா கூட்டலாம் என்று விட்டேன்.

அந்தப் பத்திரம் பதினொரு பக்கம். முந்தநாள்தான் இங்கே பக்கத்துக் கடையில் அச்செடுத்து முழுவதையும் வாசித்தேன். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ எதையும் வாசிக்காமல் அதன் மேல் படுக்கிறவன், நான் எதையும் வாசிக்காமல் சரி போடுகிறவள்; ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். விபத்து என்றால் சில நாளிலேயே பொறுப்பெடுப்பார்கள், நோய் என்றால் ஒரு மாதம் கழிந்திருக்க வேண்டும். பத்திரம் எடுக்க முன்னமே இருந்த வருத்தம் எதற்கும் பொறுப்பில்லை. டொக்டருக்கு அவர்கள் நேரே கொடுப்பதில்லை. நாம் முதலில் கொடுத்துவிட்டுச் சிட்டை அனுப்பினால் ஒரு பங்கு திரும்பி வரும். அவர்களுடைய பட்டியலில் உள்ள வைத்தியர்களிடம்தான் போக வேண்டும், அந்தப் பட்டியலில் கொழும்பும் கொழும்பைச் சுற்றியும் தவிர ஓர் ஊரும் இல்லை. வேறு வைத்தியரிடம் காட்ட வேண்டுமானால் முதலில் கம்பனியின் அனுமதி எடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பிறகு அறிவித்தால் போதும் என்று ஒன்பதாம் பக்கத்தில் கிடக்கிறது. நான் மூன்றாம் பக்கத்தோடு நின்றவள். இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, மகனே. எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். காப்பு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றும் வராது என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். வருகிறது வரும், வந்த பிறகு சிட்டை கேட்பார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

வியாழக்கிழமை காலை நீ கொட்டில் மூலையில் குந்திக்கொண்டு, வாய்க்குள் ஏதோ கசந்தவன் மாதிரித் தலையை உதறினாய். கிட்டப் போய்ப் பார்த்தேன். நாக்குக்குப் பக்கத்தால் ஒரு நீல நூல் தொங்கியது. இதைக் கவனமாகக் கேள், ஏனென்றால் இதை நான் எவரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. தறி உள்ள வீட்டில் வளர்ந்த கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. துணியில் தொங்குகிற இழையைக் கண்டால் அந்தக் கை மூளையைக் கேட்காது. பிடிக்கும், இழுக்கும், நறுக்கும். ஏழு வயதில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாரன் கரைகளில் இழை பிடுங்கிய கை இது. இந்தக் கை உன் வாயில் நூலைக் கண்டதும் பிடித்து இழுத்தது. ஒரு சாண் வந்தது. பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டது. வராத இழையை வெடுக்கென்று இழுத்தால்தான் வரும் என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். வெடுக்கென்று இழுத்தேன். நீ கத்திய சத்தம் பூனைச் சத்தம் இல்லை.

அதற்குப் பிறகாவது உம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் டொக்டரிடம் போவோம், போனால் அனுமதி இல்லாமல் பார்த்ததாகிவிடும், காப்புறுதி கிடைக்காது. காப்புறுதி என்று வாய் திறந்தால் வாப்பாவின் அடையாள அட்டை வெளியே வரும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். என்னுடைய பயம் எவ்வளவு புத்திசாலியாக இருந்தது பார். உன்னைப் படம் எடுத்து, கம்பனிக்கு வாட்ஸ்அப்பில் அறிவித்தேன். ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும் என்று பதில் வந்தது. அந்த ஒரு வேலை நாள் முழுக்க நீ சத்தி எடுத்தாய், நான் துடைத்தேன். "என்ன மனே, வயித்துக்கு ஏலாதா?" என்று உம்மா உன்னைக் கேட்டபோது, உனக்குப் பதிலாக நான்தான், "புல்லுத் தின்டுட்டான் உம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கம்பனியிலிருந்து அழைத்தார்கள். உரிமையாளரோடு கதைக்க வேண்டுமாம். நான் உன்னையும் தூக்கிக்கொண்டு சமையல் குசினிக்குள் போய், மூலையில் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, வாப்பாவானேன். வாப்பாவின் குரல் எனக்குச் சாரன் உடுத்த மாதிரி, இழுத்துச் செருகினால் நிற்கும்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்க."

"பிறந்த திகதியைச் சொல்லுங்க சேர்."

வருடத்தைச் சொன்னேன். மாதம் பிழைத்தது. "அட்டையில வேற மாதிரி இருக்கே சேர்."

"வயசு போனா பிறந்ததே மறந்து போகுது தங்கச்சி."

அந்தப் பிள்ளை சிரித்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. "சேர், நீங்க நேத்து அனுப்பின படத்தில வலது காது பாதிதான் இருக்கு. எங்களிட்ட இருக்கிற படத்தில ரெண்டும் முழுசா இருக்கு."

"அது மறுகா கிழிஞ்ச காது. சண்டைக்குப் போயித்தான்…"

"எப்ப சேர்? அதை ஏன் அறிவிக்கல்ல?"

குசினியின் பின்கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்காக வேளைக்கே குளித்து வெள்ளைச் சாரனோடு வாப்பா அங்கே நின்றார். அவருடைய முகத்தை நான் எப்படிச் சொல்ல? தன் குரல் தனக்கு முன்னால் நின்று கதைப்பதைக் கேட்ட மனிசனின் முகம்.

"ஆரோட கதைக்காய்? என்ட குரல எடுத்துட்டு ஆரோட கதைக்காய் புள்ள?"

போனின் வாயைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிதான் விளங்கியிருக்கும். போனை வாங்கினார். அந்தப் பிள்ளை பத்திரத்தில் இருந்த படத்தை அனுப்பி, இது உங்கட பூனைதானா சேர் என்று கேட்டது. நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஓம் சொல்லுங்க, ஒரு ஓம் போதும் என்று வாயசைத்தேன். வாப்பா என்னைப் பார்த்தார், மூலையில் கிடந்த உன்னைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி…" என்று தொடங்கவும் செய்தார். பிறகு படத்தை இன்னொரு தரம் பார்த்தார். "இல்ல தங்கச்சி. இது பக்கத்து ஊட்டுப் பஞ்சு. எங்கட பூனை இஞ்ச சத்தி எடுத்துட்டுக் கிடக்கு. இதென்ன பொலிஸி? நான் வேனுக்கு மட்டும்தானே போட்டிரிக்கன்?"

பத்திரம் ரத்து என்று சிறிது நேரத்தில் செய்தி வந்தது.

"ஒரு ஓம் சொன்னா என்ன வாப்பா? நீங்க சொன்னா நம்பியிரிப்பாங்க."

"சொல்லத்தான் பார்த்தன். நாக்கு உருளுதில்ல புள்ள." கோபப்படவில்லை. பிழை செய்துவிட்ட ஆளைப் போல நின்றார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

உம்மாதான் அதற்குள் உன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்குக்கு அடியில் நீல நூல் சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்திருந்தது. "எப்ப இருந்து கா?" நேற்று என்றேன். "நேத்தா? நேத்தே ஏன்கா சொல்லல்ல?" உம்மா தான் உடுத்திருந்த முக்காட்டையே கழற்றி உன்னைச் சுற்றி, இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். ஊர் ஜும்ஆவுக்காகக் கடைகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தது. வாப்பா ஹோர்ன் அடித்த சத்தத்துக்குத் தொப்பி போட்ட ஆட்களெல்லாம் ஒதுங்கி, உள்ளே பிள்ளைப்பேற்றுக்காரி என்று நினைத்து வழி விட்டார்கள். யாரையும் ஏமாற்ற நினைக்காமல் ஏமாற்றியது அன்றைக்குத்தான்.

டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். நூலின் ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டால், மற்ற முனையைக் குடல் உள்ளே இழுத்துக்கொண்டே போகுமாம். போகப் போக, பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போல, குடல் நூலில் சுருங்கி வரும். அப்போது நூலை யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தால் நூல் வாளாகும். குடலை உள்ளுக்குள்ளேயே அறுக்கும்.

"யாரும் இழுத்தீங்களா பிள்ளை?"

"இல்ல டொக்டர்."

இவ்வளவு நாளும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு சிரிப்பு இருந்தது. இதில் ஒன்றும் இருக்கவில்லை. வயிற்றைத் திறக்க ஒப்பம் வைக்கப் பதினெட்டு வயது வேண்டும் என்று டொக்டரும் சொன்னார். வாப்பா வைத்தார். நேரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கு ஓடிப்போய்த் தொழுதுவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே திரும்பி வந்தார். உன்னை அப்போதும் தைத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு இடத்தில் அறுந்திருந்தது, கெட்டுப்போன துண்டை வெட்டிவிட்டுப் பொருத்தியிருக்கிறேன் என்றார். பிறகு என்னை மட்டும் பார்த்து, "ஒரு கேள்விக்கு உண்மையான பதில் தெரிஞ்சா அடுத்த பிராணிக்கு உதவும்" என்றார். சொன்னேன். இழுத்தேன் என்றேன், இரண்டு தரம் என்றேன். அவர் தலையாட்டினார். "முந்தின நாளே கொண்டு வந்திருந்தா, இழுத்தும்கூடத் தப்பியிருக்கச் சந்தர்ப்பம் இருந்திச்சு" என்றார். ஏசியிருந்தால் நல்லது.

நேற்று நீ கண் திறந்தாய். மீன் அவித்த தண்ணீரை மூக்கடியில் வைத்தேன், முகர்ந்தாய். நான் வெளியே ஓடிவந்து உம்மாவுக்கு அழைத்து, முகர்ந்தான் உம்மா, முகர்ந்தான் என்று கத்தினேன். ஊரில் ஒரு பிள்ளை பாஸானதுக்கும் அவ்வளவு சத்தம் எழும்பியிருக்காது. இன்றைக்கு ஞாயிறு. காலையில் உன் வயிறு வீங்கியிருந்தது, உடம்பு கொதித்தது. பொருத்திய இடம் விட்டுவிட்டது, உள்ளே கசிகிறது என்றார் டொக்டர். வாப்பாவையும் என்னையும் இருத்தி மெதுவாகச் சொன்னார்.

"இன்னொருக்காத் திறந்து பார்க்கலாம். தாங்குவான் எண்டு என்னால சொல்ல ஏலாது. மேசையிலயே போகலாம். கண்டிப் பக்கம் பெரிய இடங்கள் இரிக்கு, அந்த வழிக்கு இவன் தாங்கமாட்டான். இல்லாட்டி வலி தெரியாம இருக்க மருந்து தாறன், வீட்ட கொண்டு போய் வெச்சிருங்க. எது எண்டு நீங்கதான் சொல்லோணும்."

வாப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "அவள்ட மகன் டொக்டர்" என்றார். "அவளிட்டக் கேளுங்க."

நான்கு வருசமாக எல்லோரிடமும் நான் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான், மகனே. பூனைக்கு உம்மாவா என்று சிரித்த வீட்டில், ஓம், அவள்தான் உம்மா என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது. கிடைத்த உடனே, வேண்டாம் வாப்பா, நீங்களே சொல்லுங்கள் என்று அழ வேண்டும் போல இருந்தது. அடையாள அட்டையைத் திருடலாம், குரலைத் திருடலாம். இந்தப் பதிலை எவருடைய குரலில் போய்ச் சொல்ல? வாங்கில் வந்து உட்கார்ந்து, பத்திரத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.

எழுதினால் விடை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திறந்து பார்க்கச் சொன்னால், உன்னைக் காப்பாற்ற எல்லாம் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆசை எனக்குள்ளே பெரிதாக இருக்கிறது. அதனால்தான் அதை நம்பப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் முன்பு எழும்பிப் போய்க் கதவிடுக்கால் பார்த்தேன். நீ கூட்டின் கம்பியில் தலையை வைத்து, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். நான் மெதுவாக உன் பெயரைச் சொன்னேன். முழுக் காது என் பக்கம் திரும்பியது. தலை திரும்பவில்லை. உள்ளே இருந்த டொக்டரிடம், உங்களுடையது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் ஊசிக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "என்ட எண்டா நானும் இன்னொரு ஆளிட்டத்தான் கேட்டிருப்பன் பிள்ளை" என்றார்.

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறது. வாப்பா எழும்பி வாசலில் நிற்கிறார். தொழப் போகவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. இனி எழுதுவதற்குப் பக்கமும் இல்லை, உனக்குச் சொல்லப் புத்தியும் இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு உன்னை வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லப் போகிறேன். இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. தெரிய வருமென்றும் தோன்றவில்லை. பெட்டி, கூடை ஒன்றும் இல்லை, என் மடியில்தான் வருவாய். மருதமுனைக்குத் திரும்புகிற இடத்தில் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, வாப்பா எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வேன் குலுக்கும். அப்போது வலித்தால் என் கையைக் கடி, மகனே.

உன் உம்மா